சிறிய விமானத்தில் மட்டுமே பறந்த ஒருவர் ஜெட் சிமுலேட்டர் தேர்வுக்கு எப்படித் தயாராக வேண்டும்?

கேட்டிருப்பவர் செஸ்னா 172 போன்ற விமானங்களில் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற்றவர். வேலைக்கான தேர்வு போயிங் 737 சிமுலேட்டரில் (விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சிக் கருவி) நடக்கும் என்று அழைப்பு வந்திருக்கிறது. நானும் அதே வழியில் வந்து இப்போது 737-இல் துணை விமானியாக இருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ஜெட்டைத் தொட்டதே இல்லை என்பது தேர்வாளருக்கு நன்றாகத் தெரியும். உயரம் 100 அடி விலகிப்போனது என்ற ஒரே காரணத்துக்காக அவர் உங்களை ஒதுக்கிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. விலகியதை எவ்வளவு சீக்கிரம் கவனித்தீர்கள், பதறாமல் சரிசெய்தீர்களா, தொடக்கத்தில் செய்த பிழை முடிவில் குறைந்திருக்கிறதா என்பதையே பார்ப்பார். பயிற்சி கொடுத்தால் தேறக்கூடியவரா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியது.

பெரும்பாலும் ஆட்டோபைலட் (விமானத்தைத் தானே ஓட்டுவது), ஆட்டோத்ராட்டில் (இயந்திர சக்தியைத் தானே சரிசெய்வது), ஃபிளைட் டைரக்டர் (எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டுவது) மூன்றையும் அணைத்துவிட்டுக் கையால் ஓட்டச் சொல்வார்கள். அப்போது கைகொடுப்பவை எண்கள். விமானத்தின் மூக்கு இத்தனை பாகை, இயந்திரத்தின் என்1 (முன்விசிறி சுழலும் வேகம்) இத்தனை சதவீதம் என்று வைத்தால் விமானம் எந்த வேகத்தில் நிற்கும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். உதாரணமாக 737-800-இல் ஃபிளாப் (இறக்கையின் பின்புற மடல்) 30, சக்கரங்கள் கீழே என்ற நிலையில் கிளைட் சுலோப்பில் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் இறங்குபாதை) இறங்கும்போது மூக்கு சுமார் 2.5 பாகை, என்1 சுமார் 55 சதவீதம். எடைக்கேற்ப இது மாறும். தேர்வுக்கு முன் உங்களுக்குக் குறிப்புத்தாள் கொடுத்தால் அதிலுள்ள எண்களையே பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தால் த்ரஸ்ட் லீவரை (இயந்திர சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். தெரிந்த எண்ணுக்கு மேல் 3, 4 சதவீதம் கூட்டிக் காத்திருங்கள். வேகம் மீண்டதும் பழைய எண்ணுக்கு வந்துவிடுங்கள். இது தேர்வுக்கான வித்தை மட்டும் அல்ல. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பிட்டோ குழாய்களை (வேகத்தை அளக்க உதவுபவை) பனிப்படிகங்கள் அடைத்தபோது வேகமானி நம்ப முடியாததாகிவிட்டது. மூக்கின் கோணத்தையும் இயந்திர சக்தியையும் மாற்றாமல் வைத்திருந்தாலே அந்த விமானம் தொடர்ந்து பறந்திருக்கும். 228 பேர் இறந்தார்கள்.

செஸ்னாவில் சக்தி கூட்டினால் உடனே பதில் கிடைக்கும். ஜெட் இயந்திரமோ ஐடிலிலிருந்து (மிகக் குறைந்த சக்தி நிலை) வேகமெடுக்கச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். 737-இல் இயந்திரங்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் சக்தி கூட்டும்போது மூக்கு எழும், குறைக்கும்போது தாழும். இதை எதிர்பார்த்து விமானத்தின் மூக்கை அதே கோணத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு ட்ரிம் செய்ய வேண்டும் (கையால் அழுத்திப் பிடிக்கத் தேவையில்லாதபடி சமன்செய்வது). ட்ரிம் சரியாக இருந்தால் விரல் நுனியாலேயே ஓட்டலாம். மூச்சு விடவும் அடுத்ததை யோசிக்கவும் நேரம் கிடைக்கும். டேக்-ஆஃபில் மூக்கை விநாடிக்கு 2 முதல் 3 பாகை வீதம் 15 பாகை வரை நிதானமாக உயர்த்துங்கள்.

மனக்கணக்கில் இரண்டு போதும். 1,000 அடி இறங்க 3 கடல் மைல் வேண்டும். தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் 3 பாகைச் சரிவுக்கான இறங்கு வேகம் வந்துவிடும்: 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி.

பலரும் படிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. இருவராக உட்கார வைத்தால், மற்றவர் ஓட்டும் நேரத்திலும் உங்களுக்கு மதிப்பெண் ஓடிக்கொண்டிருக்கும். அவரும் போட்டியாளர்தானே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். வேகம் குறைந்தால் உரக்கச் சொல்லுங்கள், செக்லிஸ்டை அவர் கேட்கும் முன் எடுத்து வையுங்கள். 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விமானம் இறங்கும்போது வேகம் 137 நாட்டில் இருக்க வேண்டியது, 103 வரை சரிந்தது. விமானி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சரிவை உரிய நேரத்தில் பிடிக்க மூவராலும் முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உரிமம் வாங்குவதற்குள் பல குடும்பங்கள் கடனில் மூழ்கிவிடுகின்றன. அதற்கு மேலும் கடன் வாங்கிப் பெரிய 'தேர்வுத் தயாரிப்புத் தொகுப்பு' எதையும் வாங்காதீர்கள். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேக்-ஆஃப் முதல் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலெழுவது) வரை ஒவ்வொரு கை அசைவையும் அழைப்புச் சொல்லையும் வாய்விட்டுச் செய்து பாருங்கள். வீட்டுக் கணினி சிமுலேட்டர் கைப்பக்குவத்தைத் தராது, ஆனால் கண்ணை வேகமானி, உயரமானி, செயற்கை அடிவானம் என்று சுழற்றப் பழக்கும். இவை கைவந்த பிறகு, தேர்வு நடக்கும் அதே ரக சிமுலேட்டரை ஓரிரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். அசையாத சிமுலேட்டரே போதும். எண்கள் தெரியாமல் அங்கே போனால் அந்தக் காசு எண்களைத் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

முடிந்ததும் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். "திருப்பத்தில் மூக்கை உயர்த்தத் தாமதித்தேன், உயரம் இழந்தேன், அடுத்த திருப்பத்தில் சரிசெய்தேன்" என்பது போல நடந்ததை நேராகச் சொல்லுங்கள். சாக்குச் சொல்ல வேண்டாம், உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ளவும் வேண்டாம்.

தேதி உறுதியாகும்போது விமான ரகத்தையும் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ320 என்று மாறினால் சாதாரண நிலையில் ட்ரிம்மை விமானமே பார்த்துக்கொள்ளும், கையில் இருப்பது சைட்-ஸ்டிக் (பக்கவாட்டில் உள்ள சிறு பிடி). மேலே சொன்ன 737 எண்களை விட்டுவிட்டு அதற்குரிய எண்களைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.