வாசகர் கேள்வி – பதில்: சிக்கானோ ஓவியங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரின் ‘சிக்கானோ’ ஓவியங்கள் பெரும்பாலும் பாலத் தூண்களிலும் கால்வாய்ச் சுவர்களிலும்தான் இருக்கின்றன என்று படித்தேன். புலம்பெயர்ந்தவர்களின் பிரசாரச் சித்திரங்கள் என்பதைத் தாண்டி இவற்றைக் கலையாகக் கருத இடமுண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ஆனால் அவர்கள் அனைவரையும் புலம்பெயர்ந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1848-ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால், இன்றைய கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவின் வசமானபோது, அங்கிருந்த மெக்சிகர்கள் இருந்த இடத்திலேயே வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்டார்கள். பிழைப்புத் தேடி எல்லை தாண்டியவர்கள் பின்னர் அவர்களோடு சேர்ந்தார்கள். சிக்கானோ ஓவியர் யோலண்டா லோபஸ் 1978-இல் வரைந்த சுவரொட்டியில், பழங்குடித் தலையணி பூண்ட ஒருவர் குடியேற்றத் திட்டத் தாள்களைக் கையில் கசக்கிப் பிடித்தபடி, நம்மை நோக்கி விரலை நீட்டி, இங்கே சட்டவிரோதமாக வந்தவர் யார் என்று கேட்கிறார்.

சுவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. சான் டியகோ நகரின் லோகன் குடியிருப்பை நெடுஞ்சாலையும் கொரோனாடோ பாலமும் கூறுபோட்டன. பாலத்தடியில் பூங்கா அமையும் என்று காத்திருந்த மக்கள், அங்கே நெடுஞ்சாலைக் காவல் நிலையம் எழுப்பப்படுவதை அறிந்ததும், 1970 ஏப்ரல் 22 அன்று அந்நிலத்தில் இறங்கிப் பணியை நிறுத்தினார்கள். 1973 முதல், தங்கள் தெருக்களைப் பிளந்த அதே பாலத்தின் தூண்களில் தங்கள் தெய்வங்களையும் தலைவர்களையும் தீட்டினார்கள். 2016-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

கலைநயத்துக்கு நான் முதலில் காட்ட விரும்புவது, லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடித் பாகாவின் தலைமையில் 1976 முதல் வெள்ளநீர்க் கால்வாயொன்றின் சுவரில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு, 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் தீட்டிய வரலாற்று ஓவியம். அதன் ஒரு பகுதியில் நெடுஞ்சாலைகள் பாம்புபோல் வளைந்து ஒரு குடும்பத்தைச் சுற்றி நெரிக்கின்றன. சாவேஸ் ரவைன் என்ற குடியிருப்பின் மக்களை வெளியேற்றிய இடத்தில் எழுந்த விளையாட்டரங்கம், வேற்றுலகக் கலம்போல் வானிலிருந்து இறங்குகிறது. குடியிருப்புகள் சிதைந்த வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு ஆற்றலோடு சொல்லும் படைப்புகள் அரிது.

பிரசாரம் என்று நீங்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. 1965-இல் தொடங்கிய திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு உதவப் பிறந்த சுவரொட்டிகளில் வெறும் முழக்கங்களும் உண்டு. ஆயினும் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எஸ்தர் எர்னாண்டஸ், புகழ்பெற்ற உலர்திராட்சைப் பெட்டியில் கூடையேந்திச் சிரிக்கும் பெண்ணை, சிவப்புத் தொப்பியும் கூடையும் மாறாமல் எலும்புக்கூடாக்கி, கீழே பூச்சிக்கொல்லிகளின் வகைகளைப் பொறித்தார். வயலில் தெளித்த நஞ்சு யார் உடலில் சேர்ந்தது என்பதை அறிய அந்தப் படத்துக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

‘இது கலையா?’ என்ற கேள்வியை அக்கலைஞர்களே நேரில் எதிர்கொண்டிருக்கிறார்கள். 1972-இல் ‘ஆஸ்கோ’ என்ற சிக்கானோ கலைஞர் குழுவினர், தங்கள் இனத்தாரின் படைப்புகளுக்கு இடமளிக்காத லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் தங்கள் பெயர்களையே வண்ணம் தெளித்து எழுதினார்கள். அருங்காட்சியகம் அதன்மேல் வெள்ளையடித்தது. 2011-இல் அதே அருங்காட்சியகம் அக்குழுவின் படைப்புகளைத் திரட்டித் தனிக் கண்காட்சி நடத்தியது.