மனைவிக்கு டோக்கியோவில் இரண்டு ஆண்டு வேலை. கணவன் தன் வேலையை விட்டுவிட்டு உடன் போகலாமா? பகல் முழுவதும் அங்கே என்ன செய்வது?

போங்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். கீழே இருப்பதெல்லாம் நீங்கள் கேட்காதது. ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை எந்தக் குரலில் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், "அவள் சம்பாதிப்பாள், நீ அங்கே போய் என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் கேட்டவர் என் தாய்மாமா. அதுவும் ஒரு வளைகாப்பில், பந்தியில், நான் பாயசத்துக்குக் கை நீட்டியிருந்த நேரத்தில்.

நான் கட்டடப் பொறியாளன். சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி என்று எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. மனைவி மென்பொருள் துறை. அவளை 2018 ஏப்ரலில் டோக்கியோவுக்கு அனுப்பினார்கள், 2020 மார்ச் வரை. நாங்கள் கல்லூரித் தோழர்கள், ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் அழைப்போம். என் அம்மா முன்னிலையில் மட்டும் நான் 'நீங்கள்' ஆகிவிடுவேன்.

முதல் அடி நரிடா விமான நிலையத்திலேயே விழுந்தது. நெடுநாள் தங்க வருபவர்களுக்கு அங்கேயே ஒரு குடியிருப்பு அட்டை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அவளுடைய அட்டையில் பொறியாளர் என்று இருந்தது. என்னுடையதில் 'குடும்பத் தங்கல்'. அதற்குக் கீழே நான்கே எழுத்தில் இன்னொரு சொல். வரிசையில் முன்னால் நின்ற ஒரு தமிழர் படித்துச் சொன்னார்: "வேலை செய்ய அனுமதியில்லை." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு என் மாமாவே குடியுரிமைத் துறையில் சேர்ந்து அதை எழுதிவிட்டது போல் இருந்தது.

வீடு நிஷி-கசாயில், எதொகவா வட்டாரத்தில். 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையை ஒட்டி வந்த இந்திய மென்பொருள்காரர்கள் குடியேறிய பகுதி அது, தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அரசு சார்ந்த யூ-ஆர் குடியிருப்புகளில் ஜாமீன் ஆளும் வேண்டாம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'நன்றிப் பணமும்' வேண்டாம். தனியாரிடம் போனால் இரண்டும் கேட்பார்கள். ஒன்பதாவது மாடி, இரண்டு அறை, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் நிற்கலாம்.

காலை 7.40க்கு அவள் தோசாய் ரயிலுக்கு ஓடுவாள். அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்-நகச்சோவுக்கும் இடையே அப்போது நெரிசல் 199 சதவீதம் என்று அரசே கணக்குச் சொன்னது. நம் ஊர் மின்சார ரயிலில் தொங்கியவர்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஒருநாள் அவளோடு ஓதெமாச்சி வரை போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. பதினைந்து நிமிடப் பயணத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. பக்கத்து மனிதரின் கைக்கடிகாரம் என் விலாவில் ஓடுவது மட்டும் தெரிந்தது.

அவள் போன பின் என் பகல். எட்டு மணிக்குள் குப்பை வைக்க வேண்டும். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், பழைய தாள் என்று வகை பிரித்து, அதற்குரிய நாளில் வைக்க வேண்டும். காகம் கொத்தாமல் மேலே வலை மூட வேண்டும். அப்புறம் கடை. கை பருமனுள்ள முள்ளங்கி மலிவு. வெண்டைக்காய்க்கு அங்கே 'ஒகுரா' என்று பெயர், எட்டோ பத்தோ போட்டு வலைப்பையில் நகை மாதிரி வைத்திருப்பார்கள். முருங்கைக்காய் இந்தியக் கடையில் உறைந்த துண்டுகளாக மட்டும். நான் முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட ஜப்பானிய எழுத்துகள் இரண்டு: 'ஹான்-காகு', பாதி விலை. இரவில் கடை மூடும் நேரம் நெருங்கினால் அந்த ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

பதினொரு மணிக்குப் பூங்காவுக்குப் போனால் நம் ஊர்க் குடும்பத் தலைவிகள் ஏழெட்டுப் பேர் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆண் நான் ஒருவன். எனக்குக் குழந்தையும் இல்லை, எனவே அங்கே உட்காரக் காரணமும் இல்லை. இரண்டு வாரம் தூரத்துப் பெஞ்சில் இருந்தேன். பிறகு ஒரு பெண் வந்து, "அண்ணா, உங்களுக்கு மாவு புளிக்கிறதா?" என்று கேட்டார். புளிக்கவில்லை. அன்றிலிருந்து நான் அண்ணா. எந்தக் கடையில் பொன்னி அரிசி வந்திருக்கிறது, எந்தத் தன்னார்வ வகுப்பில் ஜப்பானிய மொழி நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்ற செய்தியெல்லாம் அவர்கள் வழியாகத்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு 'பெண்கள் கூட்டத்தில் உனக்கென்ன வேலை' என்று எழுத வருபவர்கள் வாருங்கள். வேலை இல்லை என்றுதான் அட்டையிலேயே போட்டிருந்தது.

இப்போது நோட்டுப் புத்தகக் கதை. நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வந்து ஆறு மாதம் ஆகாதவர் என்று ஒரு வங்கியில் எனக்குக் கணக்குத் தர மறுத்தார்கள். ஆகவே என் கையில் ஒரு யென்கூட இல்லை. திங்கள்தோறும் அவள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே 15,000 யென் வைத்துவிட்டுப் போவாள். கொடுத்துவிட்டுப் போனால் எனக்குச் சங்கடம் என்று நினைத்து அப்படிச் செய்தாள். எனக்கோ, அந்தத் தாள்களைக் காந்தத்திலிருந்து உருவும் ஒவ்வொரு முறையும் பின்னால் யாரோ பார்ப்பது போல் இருக்கும். யாரும் கேட்காமலே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கெழுதத் தொடங்கினேன். பழக்கதோஷம். தேதி, பொருள், அளவு, விலை, மிச்சம். முள்ளங்கி 1, 158. தயிர் 2, 296.

ஜூன் மாதம், மழைக்காலம், வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரவு பத்தரைக்கு அவள் வந்தாள். நான் நோட்டை நீட்டி, "இந்த வாரம் 640 யென் மிச்சம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "நான் உன்னிடம் கணக்குக் கேட்டேனா?"

"நீ கேட்கும்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்."

"அப்படியென்றால் என்றைக்காவது கேட்பேன் என்று நினைக்கிறாய்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதபோதுதானே மனிதன் அதிகம் பேசுகிறான். வேலையை விட்டது, மாமா சொன்னது, நான்கெழுத்து அட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். "உனக்கென்ன, வெளியே போகிறாய், மனிதர்களைப் பார்க்கிறாய், விருந்தெல்லாம் சாப்பிடுகிறாய்" என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் இரண்டு நாள் பேசாமல் இருப்பது எப்படி என்று அப்போது தெரிந்துகொண்டோம். ஒருவர் சமையலறையில் இருந்தால் மற்றவர் குளியலறைக்குப் போக வழியில்லை.

மூன்றாம் நாள் காலை நோட்டுப் புத்தகம் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. என் பத்திகளுக்கு வலப்பக்கம் அளவுகோல் வைத்து ஒரு கோடு, அதற்கப்பால் அவள் கையெழுத்து.

'திங்கள்: அலுவலக விருந்து 4,500. நான் குடித்தது ஊலாங் தேநீர் 3, சாப்பிட்டது அவித்த சோயாக்காய். மற்றதில் எல்லாம் மீன் சாறு. பணம் மட்டும் எல்லோருக்கும் சமபங்கு.

செவ்வாய்: மதியம் சாப்பிட நேரமில்லை. செலவு 0.

புதன்: கூட்டத்தில் என் பெயரை நான்கு விதமாக அழைத்தார்கள். செலவு 0. தமிழ் பேசியது 0.'

புதன்கிழமை நாங்கள் சண்டையில் இருந்தோம். அவள் யாரோடு தமிழ் பேசியிருக்க முடியும்? பூங்காவில் எனக்கு ஏழு பேர் இருந்தார்கள். அவளுக்கு அந்த ஊரில் நான் ஒருவன்தான். விருந்து என்று நான் பொறாமைப்பட்டது பச்சை சோயாக்காய் ஒரு பிடி.

அதற்குப் பிறகு இருவரும் எழுதினோம். சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள், நோட்டிலும் சண்டை நடந்தது. 'குடை 500: இது மாதத்தின் மூன்றாவது குடை' என்று நான் எழுதினால், 'ஹான்-காகு என்பதற்காக நான்கு பாக்கெட் டோஃபு வாங்கியவர் பேச வேண்டாம்' என்று பதில் வரும்.

அக்டோபரில் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்து, வாரம் 28 மணி நேரம் வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அட்டையின் பின்புறம் முத்திரை குத்தித் தருவார்கள், அதை முதலிலேயே செய்யுங்கள். எனக்குக் கிடைத்தது பெந்தோ என்னும் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில். டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி அந்த மாதம்தான் மணிக்கு 985 யென் ஆகியிருந்தது, எனக்கு 1,000. ஓடும் பட்டையில் சோற்றுப் பெட்டி வரும், அதன் நடுவில் ஓர் உமெபோஷி வைக்க வேண்டும். உப்பில் ஊறிய சிவந்த காய், நம் ஊறுகாய்க்குப் பங்காளி. நிமிடத்துக்கு எத்தனை என்று முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டேன். பொறியாளர் ஊறுகாய் வைப்பதா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் காந்தத்துக்குக் கீழே நானும் வைத்தேன். அவள் அதை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மறுநாள் அதற்குமேல் இன்னொரு காந்தம் இருந்தது.

சம்பளம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் சித்தப்பா மகன் ஒருவன், "அண்ணா, ஜப்பானில் கேமரா லென்ஸ் மலிவாமே" என்று கேட்டு வாங்கி அனுப்பச் சொன்னான். இந்திய மதிப்பில் 41,000 ரூபாய். ஊறுகாய் வைத்துச் சேர்த்த பணம். அந்த லென்ஸில் எடுத்த படங்களை வாரந்தோறும் போடுகிறான், மயில், கோயில் கோபுரம், அவன் குழந்தையின் பல். பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. கேட்டால், "நீங்கள்தான் இரண்டு பேர் சம்பாத்தியம் ஆயிற்றே" என்கிறான். நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்ன அதே குடும்பம். நீங்கள் போனால் யாருக்கும் எதுவும் வாங்கி அனுப்பாதீர்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும்.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் மிக்ஸி அதில் முனகும், அரைக்காது. செங்கல்லைவிடக் கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் காலை ஆறரைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். நான்காம் நாள் தபால் பெட்டியில் நிர்வாக அலுவலகத்தின் கடிதம், எளிய எழுத்தில், காதைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பொம்மைப் படத்தோடு. கீழ்வீட்டில் தனியாக வசித்த முதிய அம்மாள் சொல்லியிருக்கிறார். போய்த் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வாரம் ஒருமுறை, சனிக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும், மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்வோம்.

2019 மே மாதம் எதொகவா நிர்வாகம் வீடுவீடாக ஒரு வெள்ள அபாயக் கையேடு கொடுத்தது. அந்த வட்டாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே. அட்டையிலேயே எங்கள் பகுதியைச் சுட்டி, 'இங்கே இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி அதை எங்கள் நோட்டுக்கு அட்டையாகப் போட்டுவிட்டாள். அக்டோபர் 12ஆம் தேதி ஹகிபிஸ் புயல் வந்தபோதுதான் அது நகைச்சுவை இல்லை என்று தெரிந்தது. முதல் நாளே கடைகளில் ரொட்டி இல்லை. ரயில்களை முன்கூட்டியே அறிவித்து நிறுத்தினார்கள். அரகவா ஆற்றை ஒட்டிய பகுதியினர் வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. ஒன்பதாவது மாடி என்பதால் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உருளைக்கிழங்கு அவித்து வைத்தோம். மாலை ஆறேகாலுக்கு மேல், புயல் போதாதென்று ஒரு நிலநடுக்கமும் வந்தது.

அது நின்ற சிறிது நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள், கையில் டார்ச். இன்று சனிக்கிழமை, பதினொரு மணிக்குச் சத்தம் கேட்கவில்லை, ஊரைவிட்டுப் போய்விட்டீர்களோ என்று பார்க்க வந்தேன் என்றார். மின்வெட்டு வந்தால் பாதியில் நின்றுவிடுமே என்று அரைக்காமல் விட்டிருந்தோம், அதை ஜப்பானிய மொழியில் சொல்ல எனக்கு வரவில்லை. என் மனைவி சொன்னாள். இரவு ஒன்பதரை வரை எங்களோடுதான் இருந்தார். உருளைக்கிழங்குப் பொடிமாஸில் காரம் அதிகம் என்றார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். ஆறு கரை தாண்டவில்லை.

திரும்பி வந்து வேலை தேடியபோது ஒரு நேர்காணலில், "இரண்டு ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஊறுகாய் வைத்தேன் என்று சொன்னேன், கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் 'மனைவியோடு டோக்கியோவில் இருந்தேன்' என்று மட்டும் சொன்னேன், கிடைத்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்பதாவது மாடியில் இரண்டு அறைகளைப் பற்றி மட்டும்.

கிளம்பும்போது நாற்காலி, மேசையைச் சும்மா தூக்கிப் போட முடியாது. கடையில் 200 யென், 300 யென் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித்தான் கீழே வைக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் அதுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் ஸ்டிக்கர் வாங்கவில்லை, பூங்காவில் என்னை முதலில் அண்ணா என்று அழைத்த அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் கேட்டுப் பார்க்கிறேன்.