பெல் என்னும் ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டாலஸ் அருகே பதினோரு வருடமாக இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன், ஓட்டு இல்லை. இரவில் ஒரு மணிநேரம் ஃபாக்ஸ், ஒரு மணிநேரம் சிஎன்என் என்று இரண்டையும் சமமாகப் பார்க்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரையும் வரிசையாகச் சொல்வேன். ஆனாலும் இந்த நாடு பிடிபடவில்லை. இரு தரப்பையும் சொல்லவேண்டும் என்ற ஊடக நடுநிலை விதியை 1987இல் நீக்கியதுதான் இங்குள்ள பிளவுகள் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே, உண்மையா? எந்தச் சேனலை நம்பலாம்? இன்னொன்று: காபி வாங்கினால்கூடத் திரையைத் திருப்பி இருபது சதவீதம் டிப்ஸ் கேட்கிறார்கள். உங்களுக்கு எரிச்சல் வரவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டிப்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். காபிக்கடையில் உங்கள் இஷ்டம். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் முணுமுணுக்காமல் கொடுங்கள். பரிமாறும் பெண்ணுக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி உங்கள் டெக்சாஸில் மணிக்கு 2.13 டாலர். மத்திய அரசு நிர்ணயித்த அந்தத் தொகை 1991க்குப் பிறகு அசையவேயில்லை. எரிச்சலை அவளிடம் காட்டாதீர்கள்.

1987இல் நீக்கிய அந்த விதி, அலைவரிசை உரிமம் வாங்கிய வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கானது. நீங்கள் பார்ப்பது கேபிள். விடுங்கள்.

ஆனால் ‘இரண்டையும் சமமாகப் பார்க்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியவில்லை. மதியம் மட்டன் பிரியாணி, ராத்திரி சிக்கன் பிரியாணி, ஆகவே என்னுடையது சமச்சீர் உணவு என்பதுபோல இருக்கிறது. ஒன்பது நீதிபதிகளின் பெயர் தெரியும், சரி. உங்கள் ஊர் மேயர் பெயர் என்ன? டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதற்கும் சேர்த்து வீட்டு வரியில் கறந்துவிடுகிறார்கள். அந்த வரி விகிதத்துக்குக் கைதூக்குகிறவர்கள் உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு மாதம் தண்ணீர் பில் இரண்டு மடங்காக வந்தது. சண்டை போடலாம் என்று நகர கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். ஆளுக்கு மூன்று நிமிடம், எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. மஞ்சள் எரியும் முன்பே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதன்பிறகு அந்தக் கூட்டங்களுக்கு வழக்கமாகவே போக ஆரம்பித்தேன். காரணம், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி. உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர். மடியில் கம்பிச்சுருள் நோட்டு, காலடியில் ஃபிளாஸ்க், பனிச்சேறு காய்ந்த பூட்ஸ். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார்.

அங்கே ‘கன்சென்ட் அஜெண்டா’ என்று ஒன்று உண்டு. வழக்கமான செலவுகள் என்று பத்துப் பதினைந்தை ஒரே கட்டாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிடுவார்கள். அந்தக் கட்டு வரும்போது பாட்டி பேனா மூடியைக் கழற்றுவார். ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே கவுன்சிலர்களில் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழாவது ஐட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசலாமே என்பார். ஒவ்வொரு முறையும் இது நடக்கும், எனக்குச் சிரிப்பாக வரும்.

பிறகு யாரோ பத்திரிகையை வாங்கினார்கள், பாட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்தில் மொத்தக் கட்டும் நாற்பது நொடியில் நிறைவேறியது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

இதைக் கிழவனின் ஏக்கம் என்று நினைத்தால், பெல் என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் அப்போது சுமார் 36,000 பேர் வாழ்ந்த ஏழை ஊர், பெரும்பாலும் லத்தீனோ உழைப்பாளிகள். 2005இல் ஊரின் சட்ட அந்தஸ்தை மாற்ற ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த உச்சவரம்பிலிருந்து தப்பிக்க அது வழி என்று யாருக்கும் உறைக்கவில்லை. 400 பேர்கூட ஓட்டுப்போடவில்லை. 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் இரண்டு பேர் பக்கத்து ஊர் விவகாரத்தைத் துருவப்போய் இங்கே வந்து சேர்ந்தார்கள். நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர்! ஜனாதிபதிக்கு நான்கு லட்சம். போலீஸ் தலைவருக்கு 4,57,000. பகுதிநேரக் கவுன்சிலர்களுக்குக் கிட்டத்தட்ட ஆளுக்கு ஒரு லட்சம். மேலாளர் பின்னால் சிறைக்குப் போனார், பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதெல்லாம் சரி. இடைப்பட்ட ஐந்து வருடக் கூட்டங்களில் பேனா மூடியைக் கழற்ற அங்கே ஓர் ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கூட்டத்துக்குக் கதவு திறந்துதான் இருந்தது ஆர்., திறந்துதான் இருந்தது.

நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஜெயித்த ஜார்ஜ் சாண்டோஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டு சேனலிலும் மாதக்கணக்கில் ஓடியது. பொய்யான படிப்பு, பொய்யான வேலை. நியூயார்க் டைம்ஸ் அதை உடைத்தது 2022 டிசம்பரில், அவர் ஜெயித்த பிறகு. அவர் தொகுதி இருக்கும் லாங் ஐலண்டின் நார்த் ஷோர் லீடர் என்ற வாரப் பத்திரிகை தேர்தலுக்கு முன்பே, இரண்டு வருடத்தில் இவருக்கு இத்தனை சொத்து எப்படி வந்தது என்று கேட்டிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. 2005இலிருந்து அமெரிக்காவின் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டன. ஒஹாயோவில் யங்ஸ்டவுனின் விண்டிகேட்டர் 150 வருடம் ஓடி 2019இல் நின்றது. பெயரை மட்டும் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் தூங்கியபிறகு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதனை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் தானும் ஏதாவது ஒன்றில் சேர்த்தி என்று நினைக்க அவனுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. ஓட்டு இல்லாதவனும் கவுன்சில் கூட்டத்தில் உட்காரலாம், எனக்கும் அன்று ஓட்டு கிடையாது.

அடுத்த கூட்டம் எப்போது என்று பாருங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அறைகளில் ஏசியை வாரி இறைப்பார்கள். ஒரு பேனாவும். போய்வந்து எனக்கு எழுதுங்கள், எந்தச் சேனல் என்ன சொன்னது என்று வேண்டாம், உங்கள் ஊரில் ஆயிரம் கேலன் தண்ணீருக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று.