பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே மாட்டேன் என்கிறாள்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. இந்த ஆண்டுதான் ஊர்ப் பள்ளியிலிருந்து டவுனில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாள். காலையில் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. வந்ததும் பையைப் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடுகிறாள். இப்போது திங்கட்கிழமை ஆனாலே வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. 'நடிக்கிறாள்' என்கிறார் அவள் அப்பா. என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

மனநல மருத்துவர் பதில்:

உங்கள் மகள் நடிக்கவில்லை. இதை முதலில் அவள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இப்படி வரும் பிள்ளைகளிடம் "ஏன் போகமாட்டேங்கிற?" என்று நான் கேட்பதில்லை. "கதவுல தாழ்ப்பாள் இருக்கா? வாளியில தண்ணி இருக்கா? உன்கூட யாரு வருவா?" என்றுதான் கேட்பேன். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் அழுகை வரும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குள் ஒருத்தி போனால், வெளியே இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றுக்குப் போகக்கூட ஒரு தோழி வேண்டியிருக்கிறது. பள்ளி மாறி வந்தவளுக்கும், தோழியோடு பேச்சு நின்றுபோனவளுக்கும், சாதியைச் சொல்லி ஒதுக்கப்படும் பிள்ளைக்கும் அந்தத் துணை கிடைப்பதில்லை. தனக்கு யாருமில்லை என்பதை ஒவ்வொரு இன்டர்வெல்லிலும் அவள் புதிதாக உணர்கிறாள்.

மதியத்துக்கு மேல் அவள் கவனமெல்லாம் அடிவயிற்றில்தான் இருக்கும். பாடம் காதில் ஏறாது. ஓடப் பயம், வாய்விட்டுச் சிரிக்கப் பயம், யூனிஃபார்ம் நனைந்துவிட்டால் கேலி செய்வார்களே என்ற பயம். வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தால் அதுவும் இதனால்தான்.

உடம்பும் சேர்ந்தே கெடும். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். மலத்தை அடக்கினால் அது இறுகி, சிறுநீர்ப்பையை அழுத்தி, தன்னை அறியாமலே சிறுநீர் கசியலாம். அதனால் ஸ்கேனோடு விடாமல் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் யாரும் "கொஞ்சம் அடக்கிக்கோ" என்று சொல்லக் கூடாது. தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். மலம் கழிக்க உடம்பு தானாகத் தூண்டும் நேரம் அது.

பள்ளிக்கு நேரில் போய், மகள் இல்லாத நேரத்தில் வகுப்பாசிரியையைப் பாருங்கள். பாட வேளையிலும் காரணம் கேட்காமல் அவளை அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். பொறுப்பான ஒரு மாணவியைத் துணைக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் அது கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தும்வரைதான். கழிப்பறைக்குள் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், வெளிச்சம், நாப்கின் போடக் குப்பைத் தொட்டி ஆகிய நான்கும் இருக்கிறதா? உங்கள் மகளின் வயதில் மாதவிலக்கு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அரசுப் பள்ளியில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். அதை மாற்ற ஒரு மறைவான இடமும் வேண்டும்.

குறை இருந்தால் தயங்காமல் கேளுங்கள், இது சலுகை கிடையாது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கொடுத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போனால் உங்கள் மகளின் பெயர் தனியாக அடிபடாது. அதற்கும் அசையவில்லை என்றால் கல்வித் துறை உதவி எண் 14417.

கழிப்பறை சரியான பிறகும் இரண்டு மூன்று வாரம் பள்ளிக்குப் போக மறுத்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம்.