இருமல் இல்லாதவருக்குக் காசநோய்ப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் தினமும் ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். மூட்டு வீக்கம் அடங்காததால் டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடலாம் என்ற டாக்டர், முதலில் டி.பி. பரிசோதனை செய்யச் சொல்கிறார். அம்மாவுக்கு இருமலே இல்லையே? காய்ச்சல் வந்தால் எல்லா மாத்திரைகளையும் அவரே நிறுத்திவிடுகிறார், அது சரியா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: சகோதரி, அந்தப் பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. அதை எதிர்ப்பு அணுக்கள் அரண்போலச் சூழ்ந்து அடக்கி வைத்திருக்கின்றன. அந்த அரண் குலையாமலிருக்க டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும். உங்கள் தாயாரின் மூட்டுகளை வீங்கவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதால், ஊசி அதைத் தடுக்கும்போது வலி தணிகிறது; கூடவே கிருமி விழித்துக்கொள்ளவும் வழி பிறக்கிறது. இன்ஃபிளிக்சிமாப் என்ற இவ்வகை மருந்தைப் பெற்றபின் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வில், 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே நோய் இருந்தது. நிணநீர்க் கட்டியிலோ வயிற்றிலோ வரும் காசநோய்க்கு இருமல் இருந்தாக வேண்டியதில்லை.

மார்பு எக்ஸ்ரேயுடன், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ அல்லது ரத்தத்தில் பார்க்கும் இக்ரா பரிசோதனை செய்வார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு மாண்டூ பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது எப்போதாவது டி.பி. இருந்திருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால், வழக்கமாகத் தடுப்பு மாத்திரைகளை ஒரு மாதமாவது சாப்பிட்ட பிறகே ஊசியைத் தொடங்குவார்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான மருந்து இலவசம். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் இப்போதே கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை, மூட்டுக்கான இந்த டி.என்.எஃப். ஊசி தொடங்கியபின் போடக் கூடாது.

காய்ச்சல் வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோய்வாய்ப்பட்ட நாட்களில் உடலுக்கு அது கூடுதலாகவும் தேவைப்படலாம். மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் தொற்று தீரும்வரை நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. அதுவும் டாக்டரின் முடிவாக இருக்கட்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால், உடம்பு கொஞ்சம் சுட்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வயலில் பட்ட காயம் சிவந்து வீங்கினாலும் அன்றே காட்டுங்கள். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கக்கூடும்; எந்த டாக்டரிடம் போனாலும் மருந்துச் சீட்டை முதலில் நீட்டுங்கள்.