பெட்டியில் 12,800 டிபிஐ, திரையில் துள்ளும் குறி

கேள்வி: இணையத்தில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய கேமிங் மவுஸின் பெட்டியில் 12,800 டிபிஐ என்று போட்டிருக்கிறது. அதை உச்ச அளவிலேயே வைத்துத்தான் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறேன். மெதுவாக அசைத்தால் குறி துள்ளுகிறது. சட்டென்று திரும்பினால் சில வேளை வானத்தையோ தரையையோ பார்த்து நின்றுவிடுகிறது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து 26,000 டிபிஐ உள்ள மவுஸ் வாங்கினால் இது சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்லும் தொல்லைகள் இரண்டும் வெவ்வேறு காரணத்தால் வருபவை. முதலாவது, அமைப்புகளை மாற்றினாலே காசு செலவின்றிப் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவதற்குப் புது மவுஸ் தேவைப்படலாம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க டிபிஐ எண் உங்களுக்கு உதவாது.

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. அந்த எண்ணிக்கை உங்கள் கையசைவுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில், பார்வை திரும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி என்ற அமைப்பை 1 என்று வைத்தால், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 பாகை திரும்புகிறது. எனவே ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 16,364 எண்ணிக்கை வேண்டும். 800 டிபிஐயில் அதற்கு மவுஸ் 52 செ.மீ. நகர வேண்டும்; 12,800 டிபிஐயிலோ மூன்றேகால் செ.மீ. போதும். அதாவது, கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினாலே பார்வை 11 பாகை விலகிவிடும்; அந்த நிலையில் எதிரியின் தலையைக் குறிவைப்பது யாருக்கும் கடினம். டிபிஐயை அப்படியே வைத்துச் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். மவுஸின் அசைவைப் படிக்கும் சென்சார் நல்லதாக இருந்தால் ஓரளவு போதும். ஆனால் மலிவான மவுஸ்களில் பெட்டியில் அச்சிடப்படும் பெரிய எண் பல நேரங்களில் சென்சாரின் சொந்தத் திறனே அல்ல. 3,200 வரை மட்டுமே படிக்கக்கூடிய ஒரு சென்சார், தான் எண்ணியதை நான்கால் பெருக்கி அனுப்பினால் அதுவும் 12,800தான். இவ்வாறு பெருக்குவதால் நுணுக்கம் கூடாது, நடுக்கம்தான் கூடும்.

ஆகவே டிபிஐயை 800க்கோ 1,600க்கோ இறக்குங்கள். 400 வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணிக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடுவதால் முதல் அசைவு சற்றே தாமதமாகப் பதிவாகும். பிறகு, முழுச் சுற்றுக்கு 30 முதல் 60 செ.மீ. வரை வரும்படி விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டியைச் சரிசெய்துகொண்டு, ஓரிரு வாரங்களாவது அதை மாற்றாமல் ஆடிப்பாருங்கள். இவ்வளவு தூரம் கையை வீசுவதற்குக் குறைந்தது 40 செ.மீ. அகலமுள்ள துணி மவுஸ் பேட் வேண்டும். பளபளப்பான மேசையிலோ கண்ணாடியிலோ நேரடியாக ஓட்டினால் எந்த விலை மவுஸும் தடுமாறக்கூடும்.

விண்டோஸின் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ என்றொரு தேர்வு உண்டு. பெயரில் துல்லியம் இருந்தாலும் அது செய்வது முடுக்கம்: ஒரே தூரத்தை வேகமாகக் கடந்தால் கர்சர் அதிகம் நகரும், மெதுவாகக் கடந்தால் குறைவாக நகரும். கை ஒரு தூரத்தைப் பழகிக்கொள்ள இது இடையூறு என்பதால் அணைத்துவிடுங்கள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவை மவுஸின் தகவலை நேரடியாகப் படிப்பதால் இந்த அமைப்பு அவற்றைத் தொடாது. ஆனால் எல்லா விளையாட்டுகளும் அப்படியல்ல. மவுஸின் சொந்த மென்பொருளில் ‘ஆங்கிள் ஸ்னாப்பிங்’, ‘ரிப்பிள் கன்ட்ரோல்’ ஆகியவை இருந்தால் அவற்றையும் அணையுங்கள். முன்னது கோணல் அசைவை நேர்கோடாக்குகிறது. பின்னது நடுக்கத்தைச் சமன்செய்வதாகச் சொல்லித் தாமதத்தைச் சேர்க்கிறது.

இனி, வானத்தைப் பார்த்து நிற்கும் சிக்கல். மவுஸின் அடியிலுள்ள சென்சார் ஒரு சிறிய கேமரா. விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணிக்கிறது. இரண்டு படங்களுக்கும் பொதுவான பகுதி எஞ்சாத அளவுக்கு நீங்கள் வேகமாக வீசினால் அதற்குத் திசை தெரியாமல் போகிறது. இந்த வேக எல்லையை ஐபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை அங்குலம், என்று குறிப்பிடுவார்கள். அலுவலகப் பயன்பாட்டுக்கான சாதாரணச் சென்சார்களில் இது 30 அளவிலேயே இருக்கும். அது விநாடிக்கு முக்கால் மீட்டர்தான். பதற்றத்தில் வீசும் கை அதை எளிதில் தாண்டிவிடும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஎம்டபிள்யூ 3360 சென்சாருக்கு 250 ஐபிஎஸ், பிஏடபிள்யூ 3395க்கு 650. இவற்றில் பழையதான 3360கூட விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் தாங்கும் என்பதால் உங்கள் தேவைக்கு அதுவே தாராளம். ஆகவே வாங்கும்போது சென்சாரின் பெயரையும் ஐபிஎஸ் அளவையும் தேடுங்கள். இரண்டையும் மறைத்து டிபிஐயை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மவுஸை நான் வாங்க மாட்டேன். அது உங்கள் கைக்குள் அடங்குகிறதா, எடை எவ்வளவு என்பதை 26,000 என்ற எண்ணுக்கு முன்னால் பாருங்கள்.

கேள்வி: சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதற்கு ஒரு புத்தகமும் ஓர் அளவுகோலும் போதும். மவுஸை ஒரு கனமான புத்தகத்தின் ஓரத்தில் முட்டவைத்து, விளையாட்டில் சுவரிலுள்ள ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். மவுஸை வெகுவேகமாக அப்பால் வீசி, பிறகு மிக மெதுவாக இழுத்துவந்து மறுபடியும் புத்தகத்தில் முட்டுங்கள். குறி அதே புள்ளிக்குத் திரும்பினால் கவலையில்லை. பல முறை செய்தும் ஒவ்வொரு முறையும் கணிசமாக விலகினால், முடுக்கம் இருக்கிறது அல்லது சென்சார் வேகத்தைத் தாங்கவில்லை. சோதிக்கும் முன் சென்சார் துளையில் தூசியோ முடியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிபிஐ உண்மையா என்றும் அளக்கலாம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டியை 1 ஆக்கி, டிபிஐயை 800இல் வைத்து, மவுஸைச் சாய்க்காமல் நேராக நகர்த்தி ஒரு முழுச் சுற்றுக்கான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 52 செ.மீ. வந்தால் சரி, 49.5 வந்தால் உண்மையான அளவு ஏறத்தாழ 840. இந்த அளவு விலகல் நல்ல மவுஸ்களிலும் இருப்பதுண்டு, அது குறையன்று. பழைய மவுஸிலிருந்து மாறும்போது ‘ஏதோ வேறுமாதிரி இருக்கிறது’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 8,000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் உள்ள மவுஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதுதான் போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸில் மவுஸ் 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை தகவல் தருகிறது. 1,000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை. இந்த மாற்றம் பயனுள்ளது. அதற்கு மேல் 8,000க்குப் போனால் மிச்சமாவது ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரோ ஏறத்தாழ 7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றுகிறது. தவிர, பிராசசரின் சுமை கூடுகிறது, வயர்லெஸ் மவுஸானால் பேட்டரியும் விரைவில் தீர்கிறது.

கேள்வி: பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் வைத்துக்கொண்டு முதலில் விற்பனைத் தளத்தில் புகார் செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். ஆனால் பெருக்கிக் காட்டிய டிபிஐயும் எண்ணிக்கையில் 12,800ஆகவே வரும் என்பதால், அதைப் பொய்யென்று மெய்ப்பிப்பது சுலபமல்ல. பெட்டியில் எழுதிய சென்சார் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்றால் உங்கள் வழக்கு வலுவானது. எழுநூறு ரூபாய் மவுஸைப் பொறுத்தவரை, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மேலே சொன்ன புத்தகச் சோதனையைச் செய்து, தேறாவிட்டால் திருப்பிவிடுவதே அலைச்சல் குறைந்த வழி.