பதில்: யூனிட் விலை அதிகம் என்று திருப்பி அனுப்புகிறார்கள்

நண்பரே, தொழிற்சாலைகளுக்கு மின்சார ஒப்பந்தம் விற்கப் போனால் "உங்க யூனிட் விலை அதிகம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். முதலில் விலையைச் சொல்லாதீர்கள், 12 மாத பில்லைக் கேளுங்கள். அதில் டிமாண்ட் கட்டணமும் (மாதத்தில் எட்டிய உச்ச லோடுக்கான கட்டணம்) பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) தான் முக்கியம். 500 கிலோவாட் லோடுக்கு பவர் ஃபேக்டர் 0.85 என்றால் லைனிலிருந்து இழுக்கும் மொத்த மின்திறன் 588 கேவிஏ (500 ÷ 0.85). பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் வைத்து 0.95 ஆக்கினால் 526தான். கேவிஏ கணக்கில் டிமாண்ட் கட்டணம் கட்டுபவருக்கு அந்த 62 கேவிஏவுக்கான கட்டணம் மாதாமாதம் மிச்சம். இதை பர்சேஸ் ஆளிடம் சொல்லிப் பயனில்லை (அவருக்கு விலைப்பட்டியல்தான் வேதம்). மெயின்டனன்ஸ் இன்ஜினியரைப் பிடியுங்கள். இப்போதைய ஒப்பந்தம் முடியும் தேதி, எத்தனை நாள் முன்பு நோட்டீஸ் தரவேண்டும் என்பதையும் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.